நிறுத்திய மூச்சு

மாசிலாமணிக்கு அநியாயம் நடந்தது. இதை யார் கேட்டாலும் செம்மலர் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள், சி.டி. ஸ்கேன் அறைக்கு வெளியே இந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மனசுக்குள் யாரோ ஒரு நீதிபதியை எதிரே உட்காரவைத்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: ஐயா, என் அப்பா மாசிலாமணி, வயது ஐம்பத்திரண்டு, வரலாற்றில் பி.ஏ., இருபது வருஷமாக அரசாங்க மதுக்கடையில் விற்பனையாளர், ஒரு நாள் ஒரு பொழுது ஒரு சொட்டு வாயில் விட்டதில்லை, அவரைக் குடிகாரர் என்று எழுதிவிட்டார்கள். எழுதியதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை, இல்லை, அதையும் பரவாயில்லை என்று விட முடியாது, ஆனால் எழுதியதோடு போகவில்லை. முதலில் தெருமுனை கிளினிக் டாக்டர், வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று போனவரிடம் என்ன வேலை என்று கேட்டார், பதில் வந்ததும் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார், முடிந்தது பரிசோதனை, ஒரு டானிக், கூடவே “இனிமே அதைத் தொடாதீங்க”. இரண்டு வருஷம் அதே டானிக், அதே தொடாதீங்க, அப்பாவும் ஒவ்வொரு தடவையும் “சரிங்க டாக்டர்.” எதைத் தொடாதே என்கிறார் அந்த ஆள், தொடுவதுதானே அப்பாவின் வேலை, ஒரு நாளைக்கு ஆயிரம் பாட்டில் தொடுகிறார், மாதம் பிறந்தால் அதற்குத்தான் சம்பளம். ஒரு சின்னக் குப்பி ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் போதும், பி வகை மஞ்சள்காமாலைக் கிருமி எத்தனையோ வருஷமாக ஈரலில் குந்தி அரித்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும், எடுக்கவில்லை, எதற்கு எடுக்க வேண்டும், காரணம்தான் முன்னாடியே தெரியுமே. இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது ஈரல் சுருங்கியிருந்தது, அதில் ஒரு கட்டியும் வளர்ந்திருந்தது. இங்கேயும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பயிற்சி டாக்டர் நிரஞ்சன் எழுதினான், நாள்பட்ட குடிப்பழக்கம் என்று, இங்கிலீஷில், கோணல்மாணலாக. அதற்கப்புறம் ரத்தம் எடுத்தார்கள், கிருமி என்று தெரிந்தது, ஆனாலும் அந்த வரி அழியவில்லை, முதல் பக்கத்திலிருந்து ஸ்கேன் சீட்டுக்கு, ஸ்கேன் சீட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு என்று போய்க்கொண்டே இருக்கிறது, நேற்று வார்டில் மாத்திரை கொடுத்த நர்ஸ் வரைக்கும் வந்துவிட்டது, “இப்பவாச்சும் விட்டீங்களே, சந்தோஷம்.” அப்பா சிரித்தார். ஏன் சிரிக்கிறார். எதற்காக இந்த மனுஷன் எல்லாவற்றுக்கும் சிரித்து வைக்கிறார்.

“மூச்சை இழுங்க.” உள்ளே இருந்து குரல். ஸ்கேன் அறைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சின்ன அறை, அதன் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று யாரோ ஒரு ரப்பர் செருப்பை வைத்து முட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அந்தச் செருப்பு அகலத்துக்குத் திறந்திருக்கும் இடுக்கு வழியாக மைக்கில் பேசுகிற டாக்டர் ரெஜினாவின் குரலும், உள்ளே மேஜையில் படுத்திருக்கும் அப்பா ஏதாவது சொன்னால் அதுவும், நடைபாதை வரை கேட்கிறது. “மெதுவா விடுங்க. அப்படியே நிறுத்துங்க.” செம்மலரும் நிறுத்தினாள். எண்ணினாள். மேஜை நகரும் சத்தம், ஏதோ சுழலும் சத்தம், பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றில் அவளுக்கு நெஞ்சு முட்டியது, விட்டுவிட்டாள். “மூச்சு விடலாம்.” அப்புறம்தான் உத்தரவு வந்தது. அப்பா அதுவரை பிடித்திருந்தார். எல்லாம் இந்த மூச்சில்தான் இருக்கிறது என்று டாக்டர் ரெஜினா நேற்றே காகிதத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தாள், ஈரலை ஒரு முக்கோணம் மாதிரி வரைந்து, அதன் உச்சியில் ஒரு புள்ளி, இரண்டரை சென்டிமீட்டர் கட்டி, அதற்கு நேர் மேலே ஒரு கோடு, கோட்டுக்கு மேலே நுரையீரல். வயிற்றைத் திறக்கப்போவதில்லை, விலா எலும்புக்கு நடுவில் ஒரு நீள ஊசியை விட்டு அதன் முனையைக் கட்டிக்குள் நிறுத்தி, மைக்ரோவேவில் பத்து நிமிஷம் சூடேற்றி, கட்டியையும் அதைச் சுற்றி அரை சென்டிமீட்டரையும் அப்படியே வேகவைத்துவிடுவது, சாயங்காலம் இட்லி சாப்பிடலாம், நாளைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். ஆனால் மூச்சு விட விட ஈரல் மேலேயும் கீழேயும் போகும், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் மூச்சு நின்றால்தான் கட்டி ஒரே இடத்தில் நிற்கும், ஒரு விரல்கடை பிசகினாலும் ஊசி நுரையீரலுக்குப் போய்விடும். முழுசா மயக்கம் குடுத்தும் செய்யலாம், ஆனா இவர் ஈரல் இருக்கிற நிலையில எனக்கு இஷ்டமில்லை, மூச்சு நிக்கலேன்னா நான் நிறுத்திடுவேன், அப்புறம் வயிற்றைத் திறக்கிறதுதான், அதை இந்த ஈரல் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. டாக்டர் இதைச் சொன்னபோது பக்கத்தில் நின்றிருந்த நிரஞ்சன், ஏதோ இவர்களுக்குப் புரியாது என்கிற மாதிரி இங்கிலீஷில் முணுமுணுத்தான், இந்த மாதிரி கேஸுக்கெல்லாம் மூச்சு நிக்காது மேடம், விரலையே நடுங்காம நேரா நீட்ட மாட்டாங்க. செம்மலர் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் எம்.ஏ. இரண்டாம் வருஷம், அவனைவிட நல்ல இங்கிலீஷில் திருப்பிக் கொடுத்தாள், எந்த மாதிரி கேஸ், கொஞ்சம் விளக்குங்களேன். அவன் காது சிவந்தது. டாக்டர் ரெஜினா படம் போட்ட காகிதத்தை மடித்துச் செம்மலர் கையில் கொடுத்து, “பாப்போம்மா” என்றாள். அந்தக் காகிதம் இப்போது கைப்பையில் இருக்கிறது. எடுத்துப் பார்க்க வேண்டாம். முக்கோணம், புள்ளி, கோடு. கண்ணை மூடினாலே தெரிகிறது.

“நீ ஏண்டி மூஞ்சிய உப்பிக்கிட்டு உக்காந்திருக்க?” என்றாள் அம்மா. வசந்தாவுக்கு ஆஸ்பத்திரி என்றால் வெந்நீர்க் குடுவை, அந்தக் குடுவையை மடியில் வைத்துக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். “சும்மாதான்.” “அவருகூடச் சேந்து நீயும் புடிக்கிறியாக்கும். புடி புடி, ரெண்டு பேரையும் ஒண்ணா உள்ள சேக்கட்டும்.” அம்மாவுக்கு பயம் வந்தால் நக்கல் வரும், அது இவளுக்கும் ஒட்டியிருக்கிறது, அப்பாவுக்கு மட்டும் எதுவும் ஒட்டாது. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, பெரம்பலூர் பக்கமாம், கணவருக்கு அடுத்து ஸ்கேனாம், கொஞ்ச நேரமாக இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு கேட்டாள், “எத்தன வருசமா?” “என்ன எத்தனை வருஷமா?” என்று செம்மலர் நிமிர்ந்தாள். “அதான் பாப்பா, பழக்கம்.” “எங்க அப்பாவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.” சொல்லும்போது குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது, ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போன ஆள்கூடத் திரும்பிப் பார்த்தான். பெரம்பலூர்க்காரி கோபிக்கவில்லை, பாவமாகச் சிரித்தாள். “நானும் இருவது வருசம் இதேதான் கண்ணு சொன்னேன்.” ஆதாரம் காட்டலாமா, ரத்தப் பரிசோதனைக் காகிதம் பையில் இருக்கிறது, எடுத்து விரிக்கலாமா, அந்த அம்மாளிடம் கிருமியைப் பற்றிப் பத்து நிமிஷம் வகுப்பு எடுக்கலாமா. பட்டிமன்ற மேடையில் எதிரணிக்காரர்கள் இவள் எழுந்தாலே தண்ணீர் பாட்டிலைத் திறப்பார்கள், அப்படிப்பட்டவளுக்கு இந்த அம்மாளிடம் வாய் வரவில்லை, ஏனென்றால் அந்த அம்மாள் வாதம் செய்யவில்லை, தன் கதையைச் சொன்னாள், சொந்தக் கதையை எப்படித் தோற்கடிப்பது. “மூச்சை இழுங்க. மெதுவா விடுங்க. நிறுத்துங்க.” இந்தத் தடவை பத்தொன்பது வரை. “அதே இடம். அதே இடம் மேடம்!” இது நிரஞ்சன் குரல், மைக்கில் இல்லை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது. “பாத்தேன்” என்றாள் டாக்டர் ரெஜினா. அதே இடமாம். செம்மலர் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள், தன்னைத்தான் யாரோ மேடைக்குக் கூப்பிட்டதுபோல.

அதே இடம். அவள் மனசும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது, சுற்றிச் சுற்றிப் போய், கிளினிக் டாக்டரைக் கூண்டில் ஏற்றி, நிரஞ்சனை ஏற்றி, நர்ஸை ஏற்றி, கடைசியில் அந்த அரை நொடிக்கு வந்து முட்டிக்கொள்கிறது. போன மாதம், வெளிநோயாளிப் பிரிவு, ஸ்டூலில் அப்பா, பின்னால் அவள், மேஜைக்கு அந்தப் பக்கம் நிரஞ்சன். “என்ன வேலை?” அப்பா சொல்லத் தயங்கினார், அவள்தான் சொன்னாள், மதுக்கடையில விற்பனையாளர், தலையை நிமிர்த்தியே சொன்னாள், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. நிரஞ்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப கேக்கவே வேணாம். ஸ்வீட் கடைக்காரருக்கு சுகர் வந்த மாதிரி.” அப்புறம் ஒப்புக்கு, பேனாவைத் தட்டிக்கொண்டே, அப்பாவிடம் இல்லை, அவளிடம்: “குடிப்பாரா?” அப்போதுதான் அது. உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மாட்டார் என்று மேஜையில் அறைந்திருக்க வேண்டும். செம்மலர், எதற்கும் பதிலை நாக்கு நுனியில் வைத்திருப்பவள், அன்றைக்கு, அந்த அரை நொடி, திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். பார்த்தாள். மாட்டீங்கதானே, என்று கேட்பதுபோல. அப்பாவும் அவளைப் பார்த்தார், அந்தப் பார்வையைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். நிரஞ்சன் இரண்டையும் பார்த்தான். பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் அவள் போட்ட சண்டை இந்த ஆஸ்பத்திரிக்கே தெரியும், முக்கால் மணி நேரம், ரத்தம் எடுக்காமல் எப்படி எழுதலாம், எந்த விதியில் இருக்கிறது, உங்கள் மேலதிகாரி யார் என்று கத்தி டாக்டர் ரெஜினாவே எழுந்து வந்து ரத்தம் எடுக்கச் சொன்னாள், அந்தச் சண்டை இல்லையென்றால் கிருமி தெரிந்திருக்காது, மருந்து தொடங்கியிருக்காது, எல்லாம் சரி, அம்மா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறாள், எம் பொண்ணு பேசித்தான் கண்டுபுடிச்சாங்க. அரை நொடி மட்டும் அம்மாவுக்குத் தெரியாது. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் ஓர் அரை நொடி இருந்தது. எழுதினது நிரஞ்சன் கைதான், ஆனால் பேனாவில் மை யாருடையது என்று நீதிபதி கேட்டால்?

சந்தேகம் அன்றைக்கு முளைத்ததில்லை, ஐயா, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் இருந்தே. சட்டையில் வாடை வரும், பெட்டி இறக்கும்போது பாட்டில் உடையும் என்று அம்மா சொல்லித்தான் சோப்புத் தண்ணியில் ஊறவைப்பாள், ஆனால் தினம் தினமா பாட்டில் உடையும். அப்புறம் அந்த மூச்சு. கடையிலிருந்து வந்தால் அப்பா நேராக உள்ளே வர மாட்டார், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார், நின்று ஒரு பெரிய மூச்சு விடுவார், நெஞ்சுக்கூடே காலியாகிற மாதிரி, கதவுக்கு உள்ளே படித்துக்கொண்டிருப்பவளுக்கு அது கேட்கும். அந்த மூச்சு எதற்கு? நிதானத்துக்கு வருகிறாரா? கால் தடுமாறாமல் நுழைவதற்குத் தயார் செய்துகொள்கிறாரா? தோழி ஷகீலாவின் மாமா அப்படித்தான் வாசலில் நின்று மூச்சு வாங்குவாராம். ஒரு காந்தி ஜெயந்தி, கடை விடுமுறை, மத்தியானம் அப்பா கூடத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், பதினைந்து வயது செம்மலர் பூனை மாதிரி போய், அவர் முகத்துக்குமேல் குனிந்து, மோந்து பார்த்தாள். பல்பொடி வாசனை. வேறொன்றும் இல்லை. அதோடு தீர்ந்திருக்க வேண்டும், ஆனால் தீரவில்லை, இன்றைக்கு விடுமுறை அதனால் வரவில்லை என்று தனக்குத்தானே ஒரு வாதம் கட்டிக்கொண்டாள், வாதம் கட்டுவதில்தான் அவள் கெட்டிக்காரி ஆயிற்றே. இன்னொரு நாள், பதினொன்றாம் வகுப்பு, ரயில்வே கேட் போட்டு பஸ் நின்றது, ஜன்னலுக்கு நேரே அப்பாவின் கடை. பட்டப்பகல். கம்பி வலை, வலையில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை, அந்த ஓட்டையில் ஒரு தலை, தலை ஏதோ கத்துகிறது, அண்ணே அண்ணே என்று உள்ளே முகத்தைத் திணிக்கிறது, வலைக்குப் பின்னால் அப்பா. பேசவில்லை. வாய் இறுக மூடியிருந்தது. முகம் கல்லாக, கொஞ்சம் ஒருக்களித்து, கண் மட்டும் எதிராளியின் விரலைப் பார்த்தது, இரண்டு விரலா மூன்று விரலா, பாட்டிலை எடுத்து நீட்டினார், ஆள் நகர்ந்தான், அப்பாவின் தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது, அடுத்த தலை வந்தது, மறுபடியும் கல். அந்தக் கடையில் அவருக்கு ஊமையண்ணன் என்று பேர் என்பது அன்றைக்கு பஸ்ஸுக்குள்ளேயே இரண்டு பேர் பேசிக்கொண்டதில் தெரிந்தது. “ஊமையண்ணன் இருந்தா வரிசை சீக்கிரம் நகரும்டா, வாயத் தொறக்க மாட்டாரு.” இவ்வளவு வெறுப்போடு ஏன் அங்கே நிற்க வேண்டும் என்று அன்றைக்கு அவளுக்குக் கோபம் வந்தது. மனுஷரிடம் ஒரு வார்த்தை பேசினால் என்ன. ஷகீலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “உங்க அப்பா கவர்மென்ட்டுல எங்கடி வேலை?” என்று அவள் எப்போதோ கேட்டதற்கு வருவாய்த் துறை என்று சொல்லி வைத்திருந்தது ஞாபகம் வந்து, செம்மலர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டாள்.

“மூச்சை இழுங்க. விடுங்க. நிறுத்துங்க.” இருபத்திரண்டு. “பிரமாதம். ஐயா, நீங்க எங்களுக்கு வேலையே வைக்க மாட்டேங்கிறீங்க” என்றாள் டாக்டர் ரெஜினா மைக்கில். அப்பா உள்ளிருந்து “சரிங்க டாக்டர்” என்றார், அதே சரிங்க டாக்டர், ஆனால் இந்தத் தடவை செம்மலருக்குக் கோபம் வரவில்லை, அம்மாவின் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள், குடுவைச் சூட்டில் அம்மாவின் உள்ளங்கை வெதுவெதுவென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் நிரஞ்சன் இடுக்கு வழியாகத் தலையை நீட்டி, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து, “ஊசி கரெக்டா உக்காந்திடுச்சு. இப்ப வலிக்கு மருந்து அதிகமாக் குடுத்துட்டு சூடு ஆரம்பிக்கறாங்க. பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான். நுரையீரலைத் தொடவில்லை. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. விரலை நேராக நீட்டாத கேஸ், ஐயா, மூச்சை நூல் பிடித்த மாதிரி நிறுத்தியது, குறித்துக்கொள்ளுங்கள். இனி பத்து நிமிஷம் குரல் எதுவும் வராது. அந்தப் பத்து நிமிஷம்தான் கஷ்டம், இதுவரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்கு ஏதோ இருந்தது, இப்போது ஒன்றும் இல்லை, உள்ளே ஒரு ஊசிமுனை மட்டும் சுடுகிறது. எவ்வளவு சூடு? நூறுக்கும் மேல் போகும் என்று படித்திருந்தாள், தண்ணீர் கொதிக்கிற சூடு, அப்பாவின் உடம்புக்குள் ஓர் எலுமிச்சம்பழ அளவு இடத்தில் கொதிக்கிறது, அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி நெஞ்சு துடித்துக்கொண்டிருக்கிறது. அரை சென்டிமீட்டர் சுற்றிலும் வேக வேண்டும், ஒரு பக்கம் வேகாமல் விட்டால் அங்கிருந்து மறுபடியும் கிளம்பும், அதிகமானால் மேலே இருக்கிற சவ்வு வெந்துவிடும். கிருமி எங்கிருந்து வந்திருக்கும்? சலூன் பிளேடா, சின்ன வயசில் ஏதோ கம்பவுண்டர் ஒரே ஊசியை ஊர் முழுக்கப் போட்டாரா, பிறக்கும்போதே அப்பத்தாவிடமிருந்தா, டாக்டர் ரெஜினா இதுக்கெல்லாம் பதில் கிடைக்காதும்மா என்று சொல்லிவிட்டாள். குற்றவாளி இல்லாத வழக்கு. அவளுக்கு அது பிடிக்கவில்லை, எதிரணி என்று ஒன்று இருந்தால்தான் அவளுக்குக் கால் தரையில் ஊன்றும். அதனால்தானோ என்னவோ அன்றைக்கு மேடையில் அப்பாவையே எதிரணியில் நிறுத்தினாள்.

அந்தக் கோப்பை வீட்டில் டி.வி. மேல் இருக்கிறது. கல்லூரி இரண்டாம் வருஷம், மாநில அளவுப் பேச்சுப்போட்டி, தலைப்பு மதுவிலக்கு, செம்மலர் ஏறிப் பேசினாள், ஏழு நிமிஷம், ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல், அதில் ஒரு வரிக்கு அரங்கமே எழுந்தது: குடிப்பவன் கை நடுங்குகிறது, எடுத்துக் கொடுப்பவன் கை ஏன் நடுங்கவில்லை? கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. மூன்றாவது வரிசை ஓரத்தில் அப்பா, லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். அவரும் கைதட்டினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கைகள் அவள் கண்ணில் பட்டன, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாள். வெளியே வந்ததும், “நல்லா இருந்துச்சு பாப்பா, அந்தக் கை வரி ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அவருக்குக் குத்தத் தெரியாது, உண்மையிலேயே நல்லா இருந்தது என்று நினைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தக் கோப்பையைத் திருநீறு போட்டுத் துடைக்கிறார், வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறார், என்ன தலைப்பு என்று கேட்டால் அதையும் சொல்கிறார். அன்றைக்கே கேட்டிருக்கலாம், அப்பா, உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று. கேட்கவில்லை. ஊரில் எல்லாரையும் கேள்வி கேட்கிறவள் அப்பாவை ஒரு கேள்வி கேட்டதில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். அன்றைக்கும் ஷகீலாவும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள், எங்க அப்பா என்று அறிமுகப்படுத்தினாள், அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அவர் கை நடுங்கினதே இல்லையாம், இதோ உள்ளே ஊசி குத்தி நிற்கிற போதும் நடுங்கவில்லையாம், நடுங்கியிருந்தால் சொல்லியிருப்பார்கள். எட்டு நிமிஷம் ஆகியிருக்குமா. அம்மா உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், சமயபுரம் மாரியம்மனைத்தானோ, கேட்டால் நக்கல் வரும். பெரம்பலூர்க்காரி எழுந்து வந்து செம்மலருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மூச்சை இழுங்க ஐயா, கேக்குதா? கடைசி ஸ்கேன். இழுங்க. விடுங்க. நிறுத்துங்க.” செம்மலர் எண்ணவில்லை, எழுந்துவிட்டாள், செருப்பு முட்டுக்கொடுத்த கதவருகே போய் நின்றாள், இடுக்கு வழியே டாக்டர் ரெஜினாவின் தோளும் திரையின் ஒரு மூலையும் தெரிந்தன, சாம்பல் நிறத்தில் ஈரல், அதன் உச்சியில் கறுப்பாக ஒரு வட்டம். “அரை மயக்கத்துலயும் அதே இடத்துல நிறுத்தறாரு பாருங்க” என்றாள் டாக்டர் ரெஜினா, நிரஞ்சனிடம். “கட்டி இருந்த இடம் முழுக்க வெந்திருக்கு. சுத்தி ஓரமும் கிடைச்சிருக்கு, எல்லாப் பக்கமும். நுரையீரல் சுத்தம்.” அப்புறம் மைக்கில், “ஐயா, முடிஞ்சுதுங்க. நல்லபடியா முடிஞ்சுது. மூச்சு விடுங்க.” ஸ்பீக்கரில் அந்த மூச்சு கேட்டது, நெஞ்சுக்கூடே காலியாகிற அந்தப் பெரிய மூச்சு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு விடுகிற அதே மூச்சு, பத்தாம் வகுப்பிலிருந்து தினம் கேட்ட மூச்சு. நிரஞ்சன் மைக் பக்கம் குனிந்தான். நக்கல் இல்லை, அவனுக்கே தாங்காத ஆச்சரியம். “சார், யோகா பண்றீங்களா? இல்ல நீச்சலா? இப்படி மூச்சுப் புடிக்க எங்க பழகினீங்க?” பிறகு அப்பாவின் குரல். மருந்தில் நாக்கு தடித்து, வார்த்தை வழுக்கி, வாழ்நாளில் முதல் தடவையாகக் குடித்தவர் மாதிரிப் பேசினார். “யோகால்லாம் இல்லீங்க தம்பி. கடையிலதான். கம்பிக்கு அந்தப் பக்கம் வாயத் தொறந்துக்கிட்டு மூஞ்ச உள்ள விடுவாங்க பாருங்க. எனக்கு அந்த வாடை ஆகாது. அவங்க பேசி முடிச்சு நகர்ற வரைக்கும் மூச்ச நிறுத்திக்குவேன். நகந்ததும் விட்டுக்குவேன். மறுபடி அடுத்த ஆளு. ஒரு நாளைக்கு முந்நூறு பேரு, நானூறு பேரு வருவாங்க. வாயத் தொறந்தா வாடை உள்ள போயிருமில்ல, அதனால பேசவும் மாட்டேன். வீட்டு வாசல்ல வந்துதான் முழுசா ஒரு மூச்சு விடுறது.” சிரித்தார் போலிருக்கிறது. “இருவது வருசம் ஆச்சு தம்பி. குடிக்கிறது கிடக்கட்டும், நான் அத மோந்ததுகூட இல்லீங்க. வெளிய எம் பொண்ணு இருக்கும். கேட்டுப் பாருங்க. அது சொல்லும்.”

அப்புறம் டாக்டர் ரெஜினா, “நிரஞ்சன், அந்த முதல் பக்கத்த எடுங்க” என்றது கேட்டது. அது சொல்லும். அப்பா அப்படித்தான் சொன்னார், அரை நொடியைப் பார்த்தவர், பார்த்துவிட்டுக் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டவர், அவளைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அம்மா பின்னால் வந்து நின்றாள், “என்னடி சொன்னாரு, என்ன, மூச்சு விடுறதா?” என்று கேட்டுக்கொண்டே அழுதாள், இத்தனை வருஷம் அந்தச் சட்டையைத் துவைத்தவளுக்கே இது தெரியாது. பெரம்பலூர்க்காரி வாய்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷகீலா, உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எங்க அப்பா வருவாய்த் துறை இல்லை. ரயில்வே கேட் பக்கத்துக் கடையில் ஊமையண்ணன் என்று கேட்டுப் பார், அவர்தான். கதவு நகர்ந்தது, ரப்பர் செருப்பு ஓரமாகச் சறுக்கியது, நிரஞ்சன் வெளியே வந்தான், கையில் கேஸ் ஷீட், பேனாவின் மூடி கழற்றியிருந்தது. இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். போன மாதம் கேட்ட அதே கேள்வியை, அதே வார்த்தையில், ஆனால் பதில் தெரியாதவனாகக் கேட்டான்.

“குடிப்பாரா?”

அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

“குடிக்க மாட்டார். எழுதுங்க.”